எலாஸ்டிக் மிஷினில் தைத்த படகுப் பாய்

இரண்டு வருடங்களுக்கு முன், பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். திருப்பூர் வீரபாண்டியில் எங்கள் தையல் யூனிட். யூனிட் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கூடம், கொஞ்சம் மிஷின்கள், என்னையும் சேர்த்து ஏழெட்டுப் பெண்கள். கம்பெனிகளில் வெட்டி அனுப்பும் உள்ளாடைகளுக்கு இடுப்பு எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுப்பதுதான் வேலை. எங்கள் கைக்கு வருவதும் பாதித் துணி, போவதும் பாதித் துணி. முழு உருப்படி ஒன்றைத் தைத்து அனுப்பிய பழக்கமே எங்களுக்குக் கிடையாது.

அப்போது ஆர்டர் குறைந்து பாதி மிஷின்கள் சும்மா கிடந்தன. வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஒரு பெண் இறங்கி, தன் உயரத்துக்கு இருந்த ஒரு மூட்டையையும் ஒரு துணிச் சுருளையும் இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டியவர். முகம் வெயிலில் கறுத்திருந்தது. நகக்கண்ணில் எல்லாம் பெயிண்ட்.

"ஏக்கா, உங்ககிட்ட ஜிக்ஜாக் மிஷின் இருக்குன்னாவ. ஒரு பாய் தைக்கணும்க்கா" என்றார். தூத்துக்குடிப் பேச்சு.

கோரைப்பாய் ஓரம் அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மூட்டையை அவிழ்த்ததும்தான் தெரிந்தது, அது காற்றில் ஓடும் படகின் பாய். வெயிலில் இற்றுப்போய், விரலால் குத்தினாலே கிழிந்தது.

அவரும் கணவரும் கப்பல் வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிக் கொச்சியில் கட்டிவைத்து, அதிலேயே குடியிருக்கிறார்களாம். மழைக்காலத்துக்கு முன் லட்சத்தீவு போய்வர அனுமதி வாங்கியாகிவிட்டது. புதுப் பாய்க்கான துணியும் வந்துவிட்டது. கொச்சியில் தைக்கிறவர்கள் கையில் வேலை நிறைந்திருந்ததால், மழைக்குப் பிறகுதான் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் ஒரு வருடம் போச்சு. சரி, ஊரே தைக்கிற ஊர் இருக்கிறதே என்று திருப்பூருக்கு ரயிலேறிவிட்டார்.

"காலைலேருந்து கம்பெனி கம்பெனியா ஏறி இறங்குதேன். எல்லாரும் எத்தனை ஆயிரம் பீஸுன்னுதான் கேக்காவ. ஒண்ணே ஒண்ணுன்னா சிரிக்காவ" என்றார். அவரும் சிரித்தார். ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை.

எங்களுக்கு வேலை கொடுக்கும் கான்ட்ராக்டர் அப்போது அங்கேதான் பண்டல்களை இறக்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பதில் சொன்னார்.

"ஏனுங்க, எலாஸ்டிக் அடிக்கறதே இவங்களுக்குத் ததிங்கிணத்தோம். ஜட்டி தைக்கற மிஷின்ல கப்பலுக்குப் பாய் தைக்கறதாமா? வேற எடம் பாருங்க."

அதுவரை எனக்கும் அந்த வேலையை எடுக்கும் எண்ணம் இல்லை. அவர் சொல்லி முடித்தபோது எடுத்துவிட்டிருந்தேன்.

"வெச்சுட்டுப் போங்க. நாங்க தைக்கறோம்" என்றேன்.

தைப்பது லேசாக இல்லை. அந்தத் துணி காகிதம்போல் மொடமொடவென்று இருந்தது. பனியன் துணியை இழுத்துப் பிடித்துத் தைத்துப் பழகிய கையால் இதையும் இழுத்ததும் தையல் கோணியது. முதலில் போட்ட தையலைப் பிரித்தோம். ஊசி உடைந்தது. விரிக்க இடமில்லை, மாடியில் விரித்தால் காற்று தூக்கிக்கொண்டு போனது. பக்கத்துத் தெருவில் மூடிக்கிடந்த ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியின் வெறும் தரையைக் கேட்டு வாங்கி, பழைய பாயைக் கீழே விரித்து, அதன் மேல் புதுத் துணியைப் போட்டு, முட்டி தேயத் தவழ்ந்து அளவெடுத்தோம். கயிறு கட்டும் மூலைகளில் துணி பல மடிப்பாக வரும். எங்கள் மிஷின் அங்கே திணறியதால், அவிநாசி ரோட்டில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் ஒருவரிடம் கொண்டுபோய் அந்த மூலைகளை மட்டும் அடித்து வந்தோம்.

கான்ட்ராக்டர் வரும்போதெல்லாம், "மிஷின் கெட்டுப்போனா என்ற வேலைக்கு என்ன பண்ணுவீங்க?" என்பார். என் பெண்கள் அவருடைய எலாஸ்டிக்கையும் அன்றன்றைக்கு முடித்துக் கொடுத்தார்கள். அவர் வாயை அடைக்க அது ஒன்றுதான் வழி.

பாய் முடிந்ததும் நானும் என் கணவரும் வேனில் ஏற்றிக் கொச்சிக்குப் போனோம். படகைப் பார்த்ததும் எனக்குப் பெரிய ஆச்சரியம். சொகுசுப் படகு என்று எதையோ நினைத்திருந்தேன். உள்ளே நின்றால் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுவிடலாம். படுக்கைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி, உட்காரும் பலகையைத் தூக்கினால் பெயிண்ட் டப்பா, கயிறு, ஸ்பேனர், பழைய பம்ப். அலையில் சாயாமல் ஊஞ்சல்போல் ஆடும் ஒரு கேஸ் அடுப்பு. படகின் அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பிகளை அவர்கள் இருவருமே சுரண்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்திருந்தார்கள். "ஒண்ணச் சரி பண்ணினா இன்னொண்ணு போகும்க்கா" என்றார் அந்தப் பெண். எனக்கு என் யூனிட் ஞாபகம் வந்தது.

பாய்மரத்தின் கம்பிகளையும் கயிறுகளையும் பார்த்துக் கொடுக்கும் மேஸ்திரி ஒருவர் அங்கே இருந்தார். மலையாளி, நல்ல வேலைக்காரர். பாயை ஏற்றிக் கட்டியதும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"பனியன் ஊர்ல தைச்சதல்லே? கரையில பார்க்க அழகாத்தான் இருக்கும், சேச்சி. காத்து அடிச்சா நடுவுல பிரியும்."

படகுக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்தார். கான்ட்ராக்டர் சொன்னபோது வந்த அதே சூடு எனக்கு ஏறியது.

"பிரிஞ்சா, நானும் அதுக்குக் கீழதான் உக்காந்திருப்பேனுங்க. இன்னிக்கே கடலுக்குப் போலாம். நீங்களும் வாங்க, பார்த்துக்கலாம்."

என் கணவர் என்னைத் தனியே இழுத்தார். "ஏனம்மிணி, நீச்சல் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"அப்பறம்?"

"தைக்கத் தெரியுமல்லோ" என்று சொல்லிவிட்டு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டேன். அவர் வரவில்லை, கரையிலேயே நின்றுகொண்டார்.

துறைமுக வாயைத் தாண்டி எஞ்சினை நிறுத்தினார்கள். பாய் மேலே ஏறியது. காற்று பிடித்ததும் டப்பென்று ஒரு சத்தம். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மட்டும் தையலை விட்டு எடுக்கவில்லை. எந்தத் தையலை எந்தப் பெண் போட்டாள் என்று எனக்குத் தெரியும். மேஸ்திரியும் அதே தையல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று ஏற ஏறப் பாய் தகடுபோல் விறைத்து நின்றது. ஒரு நூல்கூட அசையவில்லை.

திரும்பும்போதுதான் நடந்தது. காற்று இப்போது முதுகுப்பக்கம். பாயை வெளியே அகலமாக விட்டிருந்தார்கள். ஒரு பெரிய அலையில் படகு உருண்டபோது சரக்கென்று சத்தம். அண்ணாந்து பார்த்தால், பாய்மரத்தின் பாதி உயரத்தில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் குறுக்குக் கம்பியின் நுனியில் பாய் மாட்டி, ஒரு சாண் நீளம் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் வானம் தெரிந்தது.

பழைய பாயில் சரியாக அந்த இடத்தில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்திருந்தார்கள். ஏதோ பழைய கிழிசலுக்குப் போட்ட ஒட்டு என்று நினைத்து நாங்கள் அதை வைக்கவில்லை. கம்பி உரசும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

"எஞ்சினைப் போடுங்க, போயிடலாம்" என்று மேஸ்திரி எழுந்தார்.

"போடாதீங்க!" என்று கத்தினேன். என் குரலா என்று எனக்கே ஆச்சரியம். "இவங்க நடுக்கடல்ல போறப்ப இது கிழிஞ்சா எஞ்சினை நம்பியா போவாங்க? இங்கயே தைக்கறேன். என்ற பாய்லதான் கரைக்குப் போகோணும்."

படகுக்குத் தலைவி அந்தப் பெண்தான். ஒரு கணம் என்னைப் பார்த்தார், ஒரு கணம் கடலைப் பார்த்தார். கப்பல் எதுவும் அருகில் இல்லை. "செய்ங்கக்கா" என்றவர், படகைத் திருப்பி, முன்பக்கத்துச் சின்னப் பாயைக் கொண்டு அதை ஓரளவு நிலையாக நிறுத்தினார். அவருடைய கணவர் நாங்கள் தைத்த பெரிய பாயைப் பாதி இறக்கினார்.

இடுப்பு பெல்ட்டை ஒரு கயிற்றில் மாட்டி, என்னைப் படகு அறையின் கூரைமேல் உட்காரவைத்தார்கள். மீந்த துணியும் ஊசியும் கொண்டுவந்திருந்தேன். ஊசியைத் தள்ள உள்ளங்கையில் மாட்டும் தோல்பட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு குத்து குத்துவேன், ஓரமாகக் குனிந்து வாந்தி எடுப்பேன், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி குத்துவேன். படகு உருளும்போது ஊசி விரலில் ஏறும். துணியில் என் ரத்தம் பட்டது. பயமாக இல்லையா என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. அலைமேல் கோபம், கம்பிமேல் கோபம், அந்தச் சதுரத் துண்டை விட்டுவிட்ட என்மேலும் கோபம்.

கொஞ்ச நேரத்தில் என் எதிரே ஒரு கை வந்து, நழுவிய துணியைப் பிடித்துக்கொண்டது. மேஸ்திரி. கம்பி நுனியைக் காட்டினார். அங்கே கம்பியைப் பூட்டும் ஊக்கின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அதுக்கு டேப் சுத்த வேண்டியது நானாக்கும்" என்றார்.

"நீங்களும் உட்டீங்க, நானும் உட்டேன். இறுக்கிப் புடிங்க" என்றேன்.

பாய் மறுபடி ஏறியது. என் கோணல்மாணல் ஒட்டில் காற்று வந்து முட்டியது. நின்றது. எஞ்சினைத் தொடாமல் துறைமுக வாய்வரைக்கும் வந்தோம். கரையில் என் கணவர், நாங்கள் விட்டுப்போன இடத்திலேயே, முகம் வெளுத்துப்போய் நின்றிருந்தார். என் கையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

மேஸ்திரி இறங்கும்போது, "அந்த ஒட்டை மிஷின்ல இன்னொரு தடவை அடிச்சிடுங்க. மறுபக்கமும் ஒண்ணு வைக்கணும்" என்று மட்டும் சொன்னார். பாராட்டு இல்லை. ஆனால் சக வேலைக்காரரிடம் பேசுகிற பேச்சு அது. எனக்கு அது போதுமாக இருந்தது.

திருப்பூருக்குக் கொண்டுவந்து இரண்டு ஒட்டும் வைத்து அனுப்பிய அந்தப் பாயோடு அவர்கள் லட்சத்தீவு போய், மழைக்கு முன்பே பத்திரமாகத் திரும்பிவிட்டார்கள். கொச்சியிலிருந்து நான் திரும்பிய அன்றே கான்ட்ராக்டர், "கப்பல் மிதந்துதுங்களா?" என்று இளித்தார். "மிதந்துச்சுங்க. உங்க பண்டல் ரெடி, எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

இன்றைக்கும் எங்கள் வேலை எலாஸ்டிக்தான். எப்போதாவது கொச்சியிலிருந்து ஒரு படகு வேலை வரும், வராமலும் போகும். பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு ரோஷம் ஆகாது என்று சொல்லிச் சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். நீச்சல் தெரியாத என்னைக் கடல்வரைக்கும் கூட்டிப்போய்க் கரை சேர்த்தது அந்த ரோஷம்தான். யார் என்ன சொன்னாலும் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.