மூன்று அளவும் சரியாக இருந்தது

தாராவியில் கண்ணாடி வெட்டும் பட்டறை வைத்திருந்த சிவகுருநாதன், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனாலும் கணக்கில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற எண்ணம் அவருக்கு உண்டு. மூன்று அளவு தெரிந்தால் முக்கோணத்தை வெட்டிவிடலாம் என்பார்.

வெளியே போய் அளவெடுப்பதும் பொருத்துவதும் மனைவி விஜயராணியின் தம்பி மாரிக்கண்ணன். ஒரு காலத்தில் குடித்துத் திரிந்தவன். அதை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

வாஷியில் ஒரு ஆபீசில், படிக்கட்டுக்குக் கீழே இருந்த முக்கோணத் திறப்புக்குக் கண்ணாடி வேண்டுமென்றார்கள். மாரிக்கண்ணன் அங்கிருந்தே போனில் அளவு சொன்னான். ஒரு பக்கம் அறுபது அங்குலம், இன்னொன்று நாற்பத்தெட்டு, அறுபது அங்குலப் பக்கம் தரையைத் தொடும் மூலையில் ஐம்பது டிகிரி. தரையோரம் பெட்டிகள் அடுக்கியிருப்பதாகவும், நகர்த்தி அந்தப் பக்கத்தையும் அளக்கவா என்றும் கேட்டான். மூன்று அளவு போதும் என்று சிவகுருநாதன் போனை வைத்துவிட்டார்.

அவர் வெட்டிய கண்ணாடியைச் சூளையில் சுட்டு உறுதியாக்கினார்கள்; அதன்பின் அதை ஒரு நூல்கூட வெட்ட முடியாது. வாஷியில் இறக்கிப் பார்த்தபோது அது திறப்பைவிட இரண்டடிக்கு மேல் அகலமாக இருந்தது. ஆபீஸ்காரர்களும் வேலையாட்களும் பார்த்துக்கொண்டிருக்க, சிவகுருநாதன் மைத்துனனிடம் கேட்டார்:

"குடிச்சிட்டு அளந்தியால?"

மாரிக்கண்ணன் டேப்பைப் பைக்குள் வைத்தான். கண்ணாடியை வண்டியில் ஏற்றக் கைகொடுத்துவிட்டு, ஸ்டேஷன் பக்கம் நடந்தான். மறுநாள் பட்டறைக்கு வரவில்லை.

அடுத்த வாரம் சிவகுருநாதனே டேப்போடு வாஷிக்குப் போனார். அறுபது. நாற்பத்தெட்டு. ஐம்பது. திரும்பத் திரும்ப அளந்தும் அதே எண்கள்தான். பட்டறைக்கு வந்து மேஜைமேல் சாக்பீஸால் கோடுகள் இழுத்தார். நாற்பத்தெட்டு அங்குல நூலை அறுபது அங்குலக் கோட்டின் உச்சியில் பிடித்துச் சுழற்றியபோது, அது அடிக்கோட்டை இரண்டு இடத்தில் தொட்டது. ஒரே அளவுகளுக்கு இரண்டு முக்கோணம். கோணம் அந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்தால்தான் சர்வசமம் என்று பள்ளியில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் வெட்டியது அகலமானதை. திறப்போ ஒரு பக்கம் சாய்ந்து நின்ற குறுகலானது. அவர் வேண்டாமென்ற அந்த நாலாவது அளவு இருந்திருந்தால் எது என்று தெரிந்திருக்கும்.

மாரிக்கண்ணன் கல்யாண் ஊரில் ஒரு ஜன்னல் கடையில் சேர்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அங்கே தேடிப்போனார். அவன் டீ வாங்கிக் கொடுத்தான். அளவு சரிதான், தப்புத் தன்னுடையது என்று சிவகுருநாதன் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டான்.

"அளவு சரின்னு எனக்கு அன்னைக்கே தெரியும் அத்தான். அளவு தப்புன்னு மட்டும் சொல்லியிருந்தா மறுநாளே வேலைக்கு வந்திருப்பேன்."

டீ கிளாஸை வைத்துவிட்டு, கடைக்கு நேரமாகுது என்று எழுந்துகொண்டான்.

வீட்டு வாசலிலேயே விஜயராணி நின்றிருந்தாள். தம்பி வருவானா என்று கேட்டாள். வரமாட்டான் என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. உள்ளே போய், அவனுக்கும் சேர்த்து ஊறவைத்திருந்த அரிசியில் அவன் பங்கை நீர் வடித்துத் தனியே எடுத்துவைத்தாள்.