வாய் கட்டி ஏற்றிய மருந்து

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நெல் லொறி, இறால் பண்ணை, கட்டாரில் கொத்து வேலை என்று எங்கும் ஒரு வருடம் தரித்ததில்லை. கழுத்தில் கட்டி வந்தபோது அதையும் கொண்டு அலைந்தேன். மூன்று கட்டியான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மெதுவாக வளரும் நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள்.

வைத்தியர் ஒரு வழி சொன்னார். உடம்பையே வாட்டும் கடும் மருந்து இல்லாமல், ஆன்டிபாடி எனப்படும் பிறபொருளெதிரி மட்டும் வாரம் ஒரு தடவையாக நான்கு வாரம் ஏற்றிப் பார்ப்பது. இன்னும் சோதனையில் இருக்கும் முறை.

"கட்டி வத்தினா இதோட நிப்பாட்டலாம். வத்தாட்டி கடும் மருந்துதான்."

ஒப்பமிட்டேன். தண்ணீர் மாதிரித் தெளிந்த மருந்து. கெட்டுப்போன வகை உயிர்க்கலங்களின் மேல் உள்ள ஓர் அடையாளத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளுமாம். முகவரி இல்லாமல் திரிந்த எனக்குள் முகவரி தெரிந்த ஒன்று போகப்போகிறது என்று வாய்பிளந்து கேட்டேன்.

மண்டூர் முருகன் கோயிலில் பூசை செய்பவர் வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருப்பார். மந்திரம் கிடையாது, எல்லாம் திரைக்குப் பின்னால். அந்த நினைவில், மருந்து ஏறி முடியும்வரை பேசுவதில்லை என்று நேர்ந்துகொண்டேன். தாதி முகக்கவசத்தோடு வந்து கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தபோது உடம்பு சிலிர்த்தது.

"குளிர்ந்தாலோ நெஞ்சு இறுகினாலோ உடனே சொல்லணும்" என்றார். தலையாட்டினேன்.

அரைமணியில் நடுக்கம் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கட்டில் ஆடிய சத்தத்தில், அடுத்த கட்டிலில் முறைக்குக் காத்திருந்த, எல்லாரும் நானா என்று கூப்பிடும் காத்தான்குடி முஸ்லிம் பெரியவர் திரையை விலக்கிப் பார்த்தார்.

"மிஸ்ஸி, ஓடி வாங்க! இந்த மனிசன் வெடவெடண்டு நடுங்குறாரு, வாயத் தொறக்குறாரில்ல!"

மருந்தை நிறுத்தி ஊசி போட்டார்கள். நடுக்கம் அடங்கியபின் மண்டூர்ப் பூசையையும் என் நேர்த்தியையும் சொன்னேன்.

"முருகனுக்குச் சொல்லாமலே விளங்கும். எனக்கு விளங்காது" என்றார் தாதி. "நீங்க சொல்றத எழுதித்தான் இந்த மருந்து எப்படியெண்டு நாங்களே அறியுறம்."

"பூசாரி, வாயத் தொறந்து சொல்லுங்க. எனக்கும் இதே மருந்துதான் ஏறப்போகுது" என்றார் நானா.

என் பேச்சை யாரும் அதற்கு முன் எழுதி வைத்ததில்லை. பிறகு வந்த மூன்று வாரமும் ஒன்று விடாமல் சொன்னேன். தொண்டை அரிப்பு, தலைப்பாரம், எல்லாம். தாதி எழுதிக்கொண்டே இருந்தார். நான் ஓரிடத்துக்குத் தவறாமல் போய்வந்தது அந்த நான்கு வாரம்தான்.

இரண்டு மாதம் கழித்து வைத்தியர் என் கழுத்தைத் தடவினார். விரல்கள் தேடின. இரண்டு கட்டிகள் கையில் படவில்லை. மூன்றாவது ஒரு பயறளவு.

"இதோட நிப்பாட்டுவம்" என்றார்.

வெளியே வாங்குப் பலகையில் நானா இருந்தார். "என்ன பூசாரி, என்ன சொன்னாங்க?"

பேசாமலிருக்க இந்தத் தடவை நேர்த்தி ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் கையைப் பிடித்து என் கழுத்தில் வைத்தேன்.