ஒரு சொட்டும் வெளியே போகாத வீடு

காட்டுப்பாக்கத்தில் நான் கட்டிய வீட்டில் சித்திரை வெயிலிலும் மின்விசிறி இல்லாமல் உட்காரலாம். அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் கர்வம் உண்டு. வாழ்நாள் முழுவதும் பிறருக்குக் கட்டடம் வரைந்து கொடுத்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு எனக்கென்று வரைந்த ஒரே வீடு அது. சூளைச் செங்கல் வேண்டாமென்று, மண்ணோடு சிறிது சிமென்ட் கலந்து அழுத்திய கற்களால் சுவர் எழுப்பினேன். மேற்கு வெயிலுக்கு வராந்தாவில் முரட்டுத் துணித் திரைகள். மொட்டைமாடியில் விழும் மழை முற்றத்துக்கு அடியிலுள்ள தொட்டிக்கு வரும். அது நிறைந்தால் தோட்டத்து உறைகிணற்றுக்குப் போகும். “இந்த மனையிலிருந்து ஒரு சொட்டும் வெளியே போகாது” என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்வேன்.

வெளியிலிருந்து வரும் தண்ணீரைப் பற்றி யோசிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். யோசித்தேன்.

திரைகளைத் தைத்துக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். முன்னறையில் தையல் இயந்திரங்களைப் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவர். தெருவுக்கெல்லாம் அவர் பாய், எனக்கும். பக்கவாதத்தில் விழுந்த அவருடைய வயதான தகப்பனார், பாய்க்கு அத்தா, அந்த வீட்டின் உள்ளறையில் கட்டிலோடு கிடந்தார். என் மனையை மேடாக்க மண் லாரிகள் வந்துகொண்டிருந்த நாட்களில் பாய் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“சார், ரோட்டுத் தண்ணி எங்க ஊட்டாண்ட வந்து, இப்படிக்கா உங்க மனையில பூந்துதான் பின்னாடி கால்வாய்க்குப் போவும். நீங்க இம்மாம் ஒசரம் ஏத்திட்டா அது எங்க சார் போவும்?”

“அதெல்லாம் பிளான்ல இருக்கு பாய்” என்றேன்.

இல்லை. முதல் வரைபடத்தில் காம்பவுண்டுச் சுவரின் அடியில் தண்ணீர் போக வழிகள் விட்டிருந்தேன். சாக்கடை கலந்த தண்ணீர் தோட்டத்தில் புகுந்து என் தொட்டியைக் கெடுத்துவிடும் என்று பிறகு நானே அவற்றை அழித்தேன்.

குடிவந்த மறு வருடம் ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. மறுநாள் கட்டடக்கலை மாணவர்கள் சிலர் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் கூச்சல் கேட்டது. ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தேன். என் பக்கம் புல் நனைந்திருந்தது, அவ்வளவுதான். பாயின் பக்கம் தொடைவரை தண்ணீர். என் சுவர் அதை அணை போட்டுத் தேக்கி வைத்திருந்தது. பாயும் தெருப் பையன்கள் இருவரும் அதில் நின்றார்கள்.

“சார், அத்தா கட்டில்ல கீறாரு. தண்ணி கட்டிலத் தொட்டுகினு கீது. தூக்கினு போவலாம்னா தெருவுல ஆளையே இழுக்குது. இந்தச் செவுத்துல ஒரு ஓட்டை போட்டுக்கறேன் சார்.”

“கொஞ்சம் பொறுங்க பாய். மழை விடுற மாதிரி இருக்கு.”

மழை விடுகிற மாதிரி இல்லை. நான் நினைத்துக்கொண்டிருந்தது தொட்டியை. மாணவர்களுக்குக் கண்ணாடித் தம்ளரில் அந்தத் தண்ணீரைக் கொடுப்பதாக இருந்தேன். பெரியவரை எங்கள் வீட்டுக்குத் தூக்கி வாருங்கள் என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

“இன்னா மாமே, சாரு தொட்டிக்குக் காவல் நிக்கிறாரா?” என்றான் ஒரு பையன்.

“மினரல் வாட்டர்டா. நீ கைய கிய்ய வெச்சிடாத” என்றான் மற்றவன்.

பாய் சிரிக்கவில்லை. “சொல்லு சார்” என்றார். அதுவரை என்னை அவர் ஒருமையில் பேசியதே இல்லை.

“தொட்டியை மூடிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மூடிக்கு மேல் போட பிளாஸ்டிக் தாள் தேடினேன். பரணில் ஏறித் தேடினேன். கிடைத்ததும் அது போதாதென்று இன்னொன்றைத் தேடினேன். திரும்பி வந்தபோது என் மனைவி தோட்டத்துக் கடப்பாரையைச் சுவருக்கு மேலாக நீட்டிக்கொண்டிருந்தாள்.

“உடைங்க தம்பி. அவர்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?”

சுவர் உடைந்தது. சேறும் செருப்புகளும் நீலச் சீருடைத் துணிகளும் புல்லின்மேல் புரண்டு வந்தன. தாளைக் கையில் பிடித்தபடி நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் தண்ணீர் இறங்கியது. ஆனால் அதற்குள் பெரியவர் இடுப்புவரை ஊறிப்போயிருந்தார். நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் கிடந்து, பிழைத்துத் திரும்பி வந்தார். மிச்சமிருந்த கொஞ்சப் பேச்சும் அதோடு போய்விட்டது. மருத்துவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த இரண்டாவது தாளை எவ்வளவு நேரம் தேடினேன் என்பது எனக்குத் தெரியும்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் பாய் வந்தார். தான் தைத்த திரைக்குக் கீழே, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“ஜாக்கி வெச்சு ஊட்டையே தூக்கறாங்களாமே சார். கடன் வாங்கியாவது தூக்கிடலாம்னு கீது. ஆனா தூக்கிட்டா, தண்ணி அந்தாண்ட இட்லிக்கார அக்கா ஊட்டுக்குல்ல பூடும்? அதான் உங்களக் கேக்கலாம்னு வந்தேன்.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு வரைபடத்தோடு அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். என் புல்தரையை எடுத்துவிட்டு, கொட்டிய மண்ணைப் பழைய மட்டத்துக்கு வெட்டி, அவர் வாசலிலிருந்து என் மனையின் குறுக்காகக் கால்வாய்வரை ஒரு வாய்க்கால். சுவரின் அடியில் கம்பி போட்ட திறப்புகள். தொட்டியும் உறைகிணறும் அந்த வழியில் இருந்ததால் இரண்டையும் மூட வேண்டும். பாய் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது பிளான்ல கீதா சார்?”

“இருக்கு” என்றேன்.

அவர் வீட்டைத் தூக்கவில்லை. இந்த வருடத்தின் முதல் பெருமழையில் சுவருக்கு ஆளுக்கொரு பக்கமாகக் குடையோடு நின்றோம். தண்ணீர் வந்தது. கம்பியில் ஒரு பிளாஸ்டிக் பை அடைத்துக்கொள்ள, தண்ணீர் தேங்கி ஏறத் தொடங்கியது. பாய் காலால் பையைத் தள்ளிவிட்டார்.

“போவுது” என்றார்.

அன்றைக்குத்தான் அவர் வீட்டுக்குள் போனேன். பெரியவரின் கட்டில் ஜன்னல் உயரத்துக்கு ஏற்றப்பட்டிருந்தது. கட்டில் கால்களுக்கு அடியில் அடுக்கியிருந்தவை என் வீடு கட்டி மிஞ்சிய மண்கற்கள்; பாய்க்கு அப்போது நானே கொடுத்தவை.

“இனிமே இறக்கிடலாமே பாய்.”

“இருக்கட்டும் சார்” என்றார்.

பெரியவர் அந்த உயரத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.