ஒப்பு மேசை செல்வினாஸ்

டெமிர்காயாவில் செய்கிற துப்பாக்கியை நகல் என்று யாராவது சொன்னால் செல்வினாஸுக்குக் கோபம் வராது. நகல்தான், அதிலென்ன வெட்கம் என்பாள். ஆனால் "மட்டமான நகல்" என்று ஒரு சொல் கூடுதலாக விழுந்துவிட்டால் சொன்னவன் பாடு திண்டாட்டம்தான். கையிலிருக்கும் வெர்னியரைக் கீழே வைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "எங்க மட்டம்? எந்த இடத்துல மட்டம்? அளந்து காட்டுய்யா பாப்போம்!" என்று பிடித்துக்கொள்வாள். இருபத்திரண்டு வருடத்தில் அளந்து காட்டியவன் ஒருவனும் இல்லை.

ஏரிக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் அந்தத் துருக்கி ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வேட்டைத் துப்பாக்கிக் கூட்டுறவில் வேலை பார்க்கிறார்கள். குழல் கடைகிறவர்கள் ஒரு கொட்டகை, வால்நட் மரத்தில் தோள்கட்டை செதுக்குகிறவர்கள் ஒரு கொட்டகை. எல்லாருடைய உழைப்பும் கடைசியில் வந்து விழுவது செல்வினாஸின் மேசைமேல். அசலோடு ஒப்பிட்டுப் பார்க்கிற ஒப்பு மேசை அது; பச்சைக் கம்பளித் துணி விரித்த நீள மேசை. இடப்பக்கம் அசல், வலப்பக்கம் நம்முடையது. அசல் இத்தாலியிலிருந்து வந்திருக்கும். அதன் விலையில் ஒரு கல்யாணத்தைத் தடபுடலாக நடத்திவிடலாம். நம்முடையதைப் பள்ளிக்கூட வாத்தியாரும் பஸ் டிரைவரும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நாணல் காட்டுக்கு வாத்து சுடப் போகலாம். மற்றபடி இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை.

முப்பத்தொரு அளவு எடுப்பாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றிக் கண்ணைத் திறப்பாள். திருப்தி என்றால் விசைக்குப் பின்னால், கட்டையின் அடியில், முத்திரை உளியை வைத்து ஒரே தட்டு. உளுந்தளவு துலிப் பூ ஒன்று விழும். அந்தப் பூவின் வலது இதழில் நுனி இருக்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே உளியைச் சிமெண்டுத் தரையில் போட்டு உடைத்துவிட்டாள். புதுசு கேட்டிருக்கலாம், ஆனால் கேட்கவில்லை. "என்னோட பூ இப்படித்தான்" என்று விட்டுவிட்டாள். ஒரே ஒரு தடவையைத் தவிர அந்தப் பூ விழுந்த துப்பாக்கி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பது அவளுடைய பெருமை. ஊருக்கே பெருமைதான்.

மேசைக்கு மேலே சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு வரி எழுதியிருக்கும்: அசலைத் திருத்தாதே. எப்போதோ ஒரு மேஸ்திரி தன் சாமர்த்தியத்தைக் காட்டப் போய் ஒரு சீசனையே கெடுத்துவிட்டானாம். அதிலிருந்து அதுதான் கூட்டுறவின் சட்டம். சாம்பிள் எப்படி இருக்கிறதோ அப்படியே செய்ய வேண்டும், ஏன் எதற்கு என்ற கேள்வி கிடையாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். செல்வினாஸ் பிறவியிலேயே இடக்கைக்காரி. எழுதுவதற்குப் பள்ளிக்கூடத்தில் அடித்து வலக்கையைப் பழக்கினார்கள். சாப்பிடுவதற்கு வீட்டில் அம்மா பழக்கினாள். துப்பாக்கியை மட்டும் யாரும் திருத்தவில்லை, பெண்பிள்ளை அதைத் தூக்குவாள் என்று யார் நினைத்தார்கள்! அதனால் அவள் ஏற்றுவது இடது தோளுக்கு. வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து ஊருக்கே அது மறந்துபோயிற்று. எந்தத் துப்பாக்கியை ஏற்றினாலும் கழுத்தைக் கொஞ்சம் வளைத்துக் கன்னத்தைத் தேடிக் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கும். அசலுக்கும் அப்படித்தான், நகலுக்கும் அப்படித்தான். துப்பாக்கி என்றாலே அப்படித்தான் போல என்று நினைத்திருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன், இலையுதிர் காலத்தில், இஸ்மிர் மொத்த வியாபாரி நெஜாத் ஒரு பெட்டியோடு வந்தார். மேலும் கீழுமாக இரட்டைக்குழல், இத்தாலிக்காரனின் உயர்ந்த ரகம். இஸ்மிரில் காலமான ஒரு கப்பல் கேப்டனின் மனைவியிடம் வாங்கியதாம். செல்வினாஸ் அதைத் தோளுக்கு ஏற்றிக் கண்ணைத் திறந்தாள். கழுத்து வளையவே இல்லை. கன்னம் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது, குழல் பார்வைக்கு நேராக நின்றது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"அடி உம்முஹான், இங்க வா! உசத்தி உசத்தின்னு சொல்றாங்களே, அது இதுதான்டி. இத்தனை நாளா நாம பாத்ததெல்லாம் பொம்மை!" என்றாள்.

உம்முஹான் பக்கத்துக் கொட்டகையில், கை வழுக்காமலிருக்கத் தோள்கட்டைக்குச் சொரசொரப்புக் கோடு வெட்டுகிறவள். சின்ன வயதிலிருந்து சிநேகிதி. "மாப்பிள்ளை பாக்க வந்தப்போகூட நீ இப்படிச் சிலுத்துக்கலையே" என்று கிண்டலடித்துவிட்டுப் போனாள்.

செல்வினாஸ் அந்தத் துப்பாக்கிக்காக உயிரை விட்டாள். மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்பினாள். செதுக்குகிற பெண்கள் திட்டித் தீர்த்தார்கள். இருநூற்று நாற்பது துப்பாக்கி; அத்தனையும் அவள் தோளில் அசல் போலவே வந்து உட்கார்ந்தன. அத்தனைக்கும் பூ வைத்தாள்.

வசந்தத்தில் நெஜாத் திரும்பி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. டீயைக்கூடத் தொடவில்லை.

"தலைவரே, என் மானமே போச்சு. வாங்கினவன் ஒருத்தனுக்கும் குறி விழலை. எல்லாம் இடது பக்கமாவே போகுதாம். கடைக்காரனுங்க என்னைப் பாத்துச் சிரிக்கிறானுங்க, 'நகல் நகல்தான்யா'ன்னு."

கூட்டுறவுத் தலைவர் தாசின் நல்ல மனிதர்தான், ஆனால் பழி என்றால் அது தன் மேல் விழுவதற்குள் வேறு யார் மேலாவது தள்ளிவிடுவார். "கட்டை செதுக்குற பொம்பளைங்க வேலை இது. பேச்சு ஜாஸ்தி, கை கம்மி. எல்லாரையும் நிறுத்திட்டு வேற ஆள் போடுறேன்" என்றார். பிறகு செல்வினாஸ் பக்கம் திரும்பினார். "நீயும் அந்த முத்திரையைக் குடுத்துடும்மா. விஷயம் தெளியுற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்."

உளியை இழுப்பறையிலிருந்து எடுத்துத் தலைவர் முன்னால் வைத்தாள். ஆனால் கையை அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

"தரேன் அண்ணே. முதல்ல அளந்து பாப்போம். இவ்வளவு பேர் முன்னாடி அளப்போம்."

அளந்தார்கள். நெஜாத்தே வெர்னியரைப் பிடித்தார். கேப்டனின் துப்பாக்கியும், நெஜாத் திருப்பிக் கொண்டுவந்திருந்த நகல் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில். முப்பத்தொரு அளவும் அச்சாக ஒன்று. கதவோரம் நின்ற உம்முஹானும் அவள் கூட்டமும் மூச்சு விட்டார்கள்.

"சாம்பிளோட சரியாத்தான் இருக்கு. அப்ப ஏன்யா சுட மாட்டேங்குது?" என்று நெஜாத் தலையைச் சொறிந்தார். "இருங்க, இதே ரகத்துல புதுசு ஒண்ணு கடையில இரவல் வாங்கிட்டு வந்திருக்கேன். அதையும் பாத்துடுங்க."

பெட்டி பிரியாத அசல். செல்வினாஸ் அதைக் கண்ணை மூடித் தோளுக்கு ஏற்றினாள். கண்ணைத் திறந்தாள். கழுத்தை வளைக்க வேண்டியிருந்தது.

மறுபடி ஏற்றினாள். மறுபடியும் வளைந்தது. அதே பழைய வளைவு, இத்தனை வருடமாக எல்லாத் துப்பாக்கிக்கும் வளைந்த வளைவு. புதுசை மேசையில் நேராக நிமிர்த்தி வைத்து, குழல் மேல் நூலைப் பிடித்துக் கட்டை வரைக்கும் இழுத்தாள். கட்டை நூலைவிட்டு வலப்பக்கம் ஒரு சுண்டுவிரல் நகத்தளவு விலகியிருந்தது. கேப்டனுடையதற்கு நூலைப் பிடித்தாள். அது இடப்பக்கம் விலகியிருந்தது. அவளுடைய முப்பத்தொரு அளவில் இந்த விலகலும் உண்டு. எவ்வளவு என்று எழுத இடமிருந்தது, எந்தப் பக்கம் என்று எழுத இடமில்லை.

நூலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். சட்டப்படி அவள் மேல் தப்பே இல்லை. சாம்பிளும் சரக்கும் ஒன்று, உளி அவளிடமே இருக்கும். தலைவர் மரத்தின் மேல் பழி போடுவார், இல்லையென்றால் உம்முஹான் கூட்டத்தை வீட்டுக்கு அனுப்புவார். உம்முஹானுக்கு வீட்டில் படுத்த படுக்கையாகப் புருஷன் இருக்கிறான்.

"அண்ணே, தப்பு என்னுது" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"அந்தக் கேப்டன் இடக்கைக்காரன். எல்லாத் துப்பாக்கியும் வலது தோளுக்குத்தான் வளைச்சிருக்கும், அவன் தன் தோளுக்குத் தோதா கட்டையை இடப்பக்கம் வளைச்சு வாங்கியிருக்கான். நானும் இடக்கை. எனக்கு ஒட்டிக்கிச்சு, அதனால இதுதான் உசத்தின்னு துள்ளிக் குதிச்சேன். எல்லாரோட தோளையும் என் தோளாவே நினைச்சுட்டேன். இருநூத்தி நாப்பதுக்கும் பூ வெச்சது நான். இவங்க என்ன பண்ணுவாங்க பாவம், நான் கேட்டதைத்தான் செதுக்கிக் குடுத்தாங்க."

நெஜாத்துக்கு நம்பிக்கை வரவில்லை. கைபேசியை எடுத்துக் கேப்டன் மனைவியைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டார். அந்த அம்மாளின் குரல் கணீரென்று வந்தது: "ஆமா தம்பி, அவர் இடக்கைதான். நீங்க கேக்கவே இல்லையே! குழல்ல துரு இருக்கான்னுதானே குடைஞ்சு குடைஞ்சு பாத்தீங்க."

கொட்டகை முழுக்கக் களுக்கென்று ஒரு சிரிப்பு ஓடியது. நெஜாத் கைபேசியைச் சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டார். அப்போதுதான் தாசின் தொண்டையைக் கனைத்தார்.

"நானும் ஒண்ணு சொல்லிடுறேன். போன வருசம் அந்தக் கேப்டன் துப்பாக்கியை எடுத்துட்டுப் போய்ப் பன்னெண்டு களிமண் தட்டு வீசச் சொல்லிச் சுட்டேன். பதினொண்ணு தவறிப்போச்சு."

"ஏன் அண்ணே சொல்லலை?" என்றாள் செல்வினாஸ்.

"எப்படிம்மா சொல்றது? அது அசல் இத்தாலி. அது தப்பா இருக்குமா? எனக்குத்தான் வயசாயிடுச்சுன்னு நினைச்சு வெளிய மூச்சு விடலை."

நகல் செய்கிற ஊரில் பிறந்தவனுக்கு மட்டும்தான் இந்தப் புத்தி வரும். குறி தவறினால் துப்பாக்கியைச் சந்தேகப்பட மாட்டான், தன்னைச் சந்தேகப்பட்டுக்கொள்வான்.

நெஜாத் வியாபாரி, கண்ணால் பார்க்காமல் விடுவாரா? எல்லாரும் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்குப் போனார்கள். களிமண் தட்டு வீசும் இயந்திரத்தை நிமிர்த்தி வைத்தார்கள். நெஜாத் வலது தோளில் புது அசலை ஏற்றி இருபத்தைந்துக்கு இருபது உடைத்தார். நகலை வாங்கி ஆறு உடைத்தார். "பாத்தீங்களா!" என்றார்.

"பாத்தோம், பாத்தோம். தள்ளுங்க இப்ப" என்று செல்வினாஸ் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். முதலில் அவருடைய புது அசலை இடது தோளில் ஏற்றினாள். இருபத்தைந்தில் பதினான்கு. பிறகு ஊரார் செய்த நகல், தன் பூ விழுந்த நகல். தட்டு கிளம்புவதும் தூளாவதும் ஒன்றாக இருந்தது. இருபத்துநான்கு. தவறிய ஒன்றுக்கும் உம்முஹான் கூவியதுதான் காரணம் என்று இன்று வரைக்கும் சாதிக்கிறாள்.

"மட்டமான நகலா நெஜாத் ஐயா? உள்ளதை உள்ளபடி செஞ்சோம். செத்துப்போன மனுசனோட இடக்கையைக்கூட விடலை, இருநூத்தி நாப்பது தடவை, நூல் பிசகாம! இத்தாலிக்காரனைச் செய்யச் சொல்லுங்க பாப்போம்" என்றாள். குரல் உடைந்தது, ஆனால் தலை நிமிர்ந்தே இருந்தது. செதுக்கும் பெண்கள் கைதட்டினார்கள். நெஜாத்தும் சிரித்துவிட்டார். தாசின் பையிலிருந்து உளியை எடுத்து அவள் கையில் வைத்து விரல்களை மூடினார்.

சரக்கெல்லாம் திரும்பி வந்தது. கொதிக்கும் ஆளிவிதை எண்ணெயை ஊற்றி ஊற்றிக் கட்டைகளை ஒவ்வொன்றாக வலப்பக்கம் வளைத்து எடுக்க ஐந்து வாரம் ஆயிற்று. செல்வினாஸ் தன் அளவுத் தாளில் முப்பத்திரண்டாவதாக ஒரு வரி சேர்த்தாள்: எந்தக் கை? நாற்பதை மட்டும் வளைக்க விடவில்லை. "ஊர்ல நான் ஒருத்திதான் இடக்கையா? வெச்சிருங்க" என்று பிடிவாதம் பிடித்தாள். அந்த நாற்பதும் ஒரே மாதத்தில் போய்விட்டன. ஆயுசு முழுக்கக் கழுத்தை வளைத்து வளைத்துச் சுட்டவர்கள் எங்கெங்கிருந்தோ கடிதம் போட்டார்கள். டிராப்ஸோனிலிருந்து ஒரு பல் டாக்டர் ஒரு பெட்டி ஹேசல் கொட்டை அனுப்பினார். கூட்டுறவு அதற்குத் தனி ரகமே வைத்துவிட்டது. கேப்டனின் துப்பாக்கியை நெஜாத் யாருக்கோ விற்றுவிட்டதால், அந்த ரகத்துக்குப் பச்சைத் துணியின் இடப்பக்கம், அசல் கிடக்கும் இடத்தில், டெமிர்காயாவில் செய்த முதல் இடக்கைத் துப்பாக்கியே கிடக்கிறது.

போன மாதம் நெஜாத் இன்னொரு பெட்டியோடு வந்தார். இந்தத் தடவை வாசலிலேயே பேச்சை இழுத்தார். "அக்கா, கோவப்படக் கூடாது. மலைக்கு அந்தப் பக்கம் எவனோ நம்ம இடக்கை ரகத்தை நகல் எடுக்கிறான். பாதி விலைக்கு விக்கிறான். இந்தாங்க."

கொட்டகையே வேலையை நிறுத்திவிட்டு மேசையைச் சுற்றிக் கூடியது. இன்றைக்கு இடி விழப்போகிறது என்று உம்முஹான் காதைப் பொத்திக்கொண்டாள். செல்வினாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக அளந்தாள். முப்பத்திரண்டும் சரியாக இருந்தன. தோளுக்கு ஏற்றினாள், கன்னம் உட்கார்ந்தது. துப்பாக்கியைத் திருப்பிக் கட்டையின் அடியைப் பார்த்தாள். அங்கே துலிப் பூவும் இருந்தது.

"அடப்பாவி, பூவையுமா!" என்று தாசின் பல்லைக் கடித்தார்.

செல்வினாஸ் குனிந்து பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது, வாய் நிறையச் சிரிப்பும் இருந்தது.

"நல்ல வேலைக்காரன்தான், குறை சொல்ல முடியாது. ஆனா பூவுல கோட்டை விட்டுட்டான். ரெண்டு இதழையும் முழுசா போட்டிருக்கான் பாருங்க." அவள் சுவரில் இருந்த கொட்டை எழுத்தைக் காட்டினாள். "அசலைத் திருத்திட்டான்."