மூன்றாம் மெஷினின் ஆறாவது ட்ரே

அன்று காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அக்காவின் உள்ளங்கையில் இருந்த பட்டை மஞ்சளாக இருந்தது. கறுப்பாக மாறியிருக்க வேண்டும்.

அக்கா எங்கள் மேற்பார்வையாளர். ஐம்பத்தொரு வயது. அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேலே தியேட்டர்காரர்களுக்கு அவர் ‘கழுவுற அக்கா’. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத நீளமான அறை ஒன்றில் எங்கள் பிரிவு. ஆபரேஷன் முடிந்து ரத்தத்தோடு இறங்கி வரும் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, ட்ரேயில் அடுக்கி, துணியில் கட்டி, நீராவி மெஷினில் வைத்துத் திரும்ப மேலே அனுப்புவோம். மொத்தம் மூன்று மெஷின்கள். ஒவ்வொரு லோடிலும் ஒரு சின்னப் பொட்டலத்துக்குள் சோதனைப் பட்டை வைப்போம். மஞ்சளாக உள்ளே போகும். நீராவி சரியாகப் பிடித்திருந்தால் கறுப்பாக வெளியே வரும். லோடை எடுத்தவர் பொட்டலத்தைப் பிரித்து, பட்டையைப் பார்த்து, சீட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ட்ரேக்கள் அறையை விட்டு நகர வேண்டும்.

மூன்றாம் மெஷினின் சீட்டில் கையெழுத்து இருந்தது, பட்டை இல்லை. பொட்டலம் பிரிக்கப்படாமல் மெஷின் தலையிலேயே கிடந்தது. அக்காதான் பிரித்தார்.

கையெழுத்து வாத்தியுடையது. முன்பு டியூஷன் எடுத்தவர், நாற்பதைத் தாண்டியவர். அச்சடித்த மாதிரி எழுதுவார், அடுத்தவர் எழுதிய லேபிளைத் திருத்தாமல் இருக்க மாட்டார். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மனைவியும் இரண்டு பெண்களும் போன மாதம்தான் வந்து சேர்ந்திருந்தார்கள். பட்டையைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வேலை போகும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. எங்களைப் போல வேறு நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு வேலை போனால் தங்கும் அனுமதியும் போகும்.

அக்கா நேரே போனை எடுத்தார். மூன்று என்று லேபிள் ஒட்டிய எல்லா ட்ரேயையும் திறக்காமல் திருப்பி அனுப்பச் சொன்னார். பத்து நிமிடத்தில் ஐந்து வந்து சேர்ந்தன.

“மூணாம் மெஷின்ல எப்பவும் ஆறு போகுமே?”

“இன்னைக்கு அஞ்சுதான் அக்கா,” என்றார் வாத்தி. மேசை விளிம்பைப் பிடித்திருந்தார்.

“லேபிள் எப்ப ஒட்டினீங்க?”

“வெளிய எடுத்தப்புறம்தான்.”

அதுதான் விதி. எந்த மெஷினின் நீராவியில் வெந்ததோ அந்த எண்ணை, வெளியே வந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். முன்னாலேயே ஒட்டிவிட்டு ட்ரேயை இடம் மாற்றினால் எது எங்கே வெந்தது என்று ஒரு ஜீவனுக்கும் தெரியாது.

துணி மடிக்கிற மேசையில் என் பக்கத்தில் நிற்பவளை ரேடியோ என்போம். அவள் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. “ஊரான் எழுத்தையெல்லாம் திருத்துறவர், தன் சீட்டை மட்டும் பாக்க மாட்டாரா?” என்று ஆரம்பித்தாள். அக்கா அவளைப் பார்த்தார். ரேடியோ நின்றது.

கடிகாரம் எட்டு இருபத்திரண்டு. எட்டரைக்கு நான்காம் தியேட்டரில் முதல் ஆபரேஷன்.

அக்கா கழுவும் தொட்டிப் பக்கம் போய்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரை நிமிடம் இருக்கும். அங்கே என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியும், ஒருமுறை சொல்லியிருக்கிறார். “யாரையும் கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி ஆண்டவர்கிட்ட ஒண்ணு கேட்டுக்குவேன். எனக்கு இப்ப கோபமா, பயமா? பயம்னா அதை அவர்கிட்ட வெச்சிட்டுப் போகணும். அதோட போனா எதிர்ல நிக்கிறவங்களையும் அது பிடிச்சுக்கும். பயந்தவங்க வாயில உண்மை வராது.”

இதை அவர் சொந்த அனுபவத்திலிருந்தே சொன்னார். இதே அறையில் புதிதாகச் சேர்ந்தபோது ஒரு கத்தரிக்கோலின் முனை ஒடிந்ததைப் பார்த்தும், அப்போதைய மேற்பார்வையாளர் போட்ட கூச்சலில் “எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டாராம். முனை உடம்புக்குள் தங்கிவிட்டதோ என்று ஒரு நோயாளிக்கு இரண்டாவது முறை எக்ஸ்ரே எடுத்தார்கள். முனை குப்பைக் கூடையில் இருந்தது. அந்த வாரம்தான் அவர் பல வருடம் கழித்து ஜெபக்கூட்டத்துக்குப் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். பொறுப்பு தன் கைக்கு வந்த நாளிலிருந்து அந்த அறையில் அவர் குரல் உயர்ந்ததில்லை. “இயேசு கால் கழுவினாரு, நாம கத்தரிக்கோல் கழுவுறோம். நமக்குக் கொஞ்சம் சுலபம்தான்,” என்பார்.

திரும்பி வந்தார். போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாத்தியின் எதிரில் நின்றார்.

“தம்பி, நீங்க ஏன் பட்டையைப் பாக்கலன்னு எனக்குத் தெரியும். லோடு வெளிய வந்தது ஆறே முக்காலுக்கு. ஆறே முக்காலுக்குத்தான் நான் ஜெபத்துக்குக் கை தட்டுறேன். தட்டினா எல்லாரும் போட்டது போட்டபடி ஓடி வர்றீங்க. ஓடி வர்றது எனக்குப் பிடிச்சிருந்தது. எதைப் போட்டுட்டு வர்றீங்கன்னு நான் பாக்கல.”

அது உண்மைதான். தினமும் காலையில் ஐந்து நிமிட ஜெபம். கட்டாயமில்லை, ரேடியோகூட, தனக்குச் சாமி கும்பிடத் தெரியாது, மேசையை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தால் கால் வலிக்கு நல்லது என்று வந்து நிற்பாள். வாத்தியும் அந்த நம்பிக்கைக்காரர் இல்லை. ஆனால் எட்டு மாதத்தில் ஒரு நாள் தவறியதில்லை. எல்லாரும் தயங்கியபோது அவரை வேலைக்கு எடுத்தவர் அக்கா. அவர் தட்டும் கைக்குக் கடைசியாகப் போய் நிற்க வாத்திக்கு மனசு வரவில்லை.

“ஆறாவது ட்ரே எங்க போச்சுன்னு தெரியல. இப்ப எல்லா தியேட்டரையும் நிறுத்தச் சொல்லப் போறேன்,” என்றார் அக்கா. “காரணம் நான்னு சொல்றேன். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்.”

எண்ணை அழுத்த ஆரம்பித்தார்.

“வேண்டாம் அக்கா.” வாத்தியின் குரல் உடைந்தது. “எல்லாம் வேண்டாம். ஒண்ணே ஒண்ணுதான். ஜெபத்துக்கு லேட் ஆயிடக்கூடாதுன்னு உள்ள வைக்கும்போதே லேபிள் ஒட்டிட்டேன். ஒண்ணாம் மெஷின்ல இடம் பத்தல, ஒண்ணுன்னு ஒட்டின ட்ரேயைத் தூக்கி மூணுல வெச்சேன். இடுப்பு எலும்பு செட்.”

“எந்த தியேட்டர்?”

“நாலு.”

நான்காம் தியேட்டரில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அக்கா ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். முழங்கால் வலிக்காக லிப்டுக்குக் காத்து நிற்கிறவர் மாடிப்படியில் ஏறினார். வாத்தி பின்னால் ஓடினார். நான் ரிசீவரைக் காதில் வைத்தபடி மணி அடிப்பதை எண்ணிக்கொண்டு நின்றேன். முப்பத்தெட்டாவது மணியில் யாரோ எடுத்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது. “அதைத் தொடாதீங்க!”

அங்கே நடந்ததை வாத்தி பிறகு சொன்னார். நோயாளி மயக்கத்தில் இருந்தார். இடுப்பில் மருந்து தடவியாகிவிட்டது. நர்ஸ் ட்ரேயின் மேல் துணியைப் பிரித்து, உள் துணியில் கை வைத்திருந்தார்.

“என்னம்மா விளையாடுறீங்களா?” என்று சர்ஜன் கத்தினாராம். “இந்த மனுஷன் தூங்கி இருபது நிமிஷம் ஆச்சு. இப்ப வந்து கழுவலைங்கிறீங்க?”

“கழுவினது டாக்டர். வேகல.”

“வேற செட்?”

“இந்த அளவுல ஒண்ணுதான் இருக்கு.”

நோயாளியைத் திரும்ப எழுப்ப வேண்டியதாயிற்று. ஆபரேஷன் மாலை மூன்று மணிக்குத் தள்ளிப் போனது.

பத்து மணிக்கு மேனேஜர் கேட்ட அறிக்கையை அக்கா எங்கள் மேசையில் வைத்துத்தான் எழுதினார். ரேடியோ குனிந்து மெல்லக் கேட்டாள். “அக்கா, அவர் பேரு வேணுமா? சின்னப் பிள்ளைங்க ரெண்டு இருக்கு அக்கா.”

“தைரியமா அவர் வாயால சொன்னதை நான் கையால அழிக்கவா?” என்றார் அக்கா. எழுதினார். வாத்தி செய்தது இரண்டு வரி. அதற்குக் கீழே, லோடு வெளியே வரும் நேரத்திலேயே மூன்று வருடமாக ஜெபம் வைத்து வேலையைக் கலைத்தது தான் என்று ஆறு வரி. மேனேஜர் படித்துவிட்டு, அந்த ஒரு செட்டை முடித்துக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம், நாளைக்குக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்றார்.

செட்டை மறுபடி கழுவி அடுக்கிக் கட்டி மெஷினில் ஏற்றினார்கள். மெஷின் ஓடும் அந்த ஒரு மணி நேரத்தில் அக்கா மேலே போனார், நோயாளியின் மனைவியைப் பார்க்க. யாரும் போகச் சொல்லவில்லை. நானும் போனேன், அவரைத் தனியாக விட மனம் ஒப்பவில்லை.

அந்த அம்மாள் நாற்காலியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். “நீங்க டாக்டரா?”

“இல்லம்மா. கருவிங்களைச் சுத்தம் பண்ற பிரிவு. உங்க வீட்டுக்காரர் ஆபரேஷன் தள்ளிப்போனது எங்களால. சரியா வேகாத ட்ரே மேல வந்துடுச்சு. அவர் உடம்புல படல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“மயக்கம் குடுக்க உள்ள கொண்டு போறவரைக்கும் என் கையைப் பிடிச்சிட்டு இருந்தார். எழுந்ததும் முடிஞ்சுதான்னு கேட்டார். இல்லைன்னு நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். உங்க யாரையும் அப்ப காணோம்.”

“ஆமாம்மா.”

“லேபிள் ஒட்டினது நான்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வாத்தி. எப்போது வந்து நின்றார் என்றே தெரியவில்லை.

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். மன்னிப்பார் என்று ஒரு நொடி நினைத்தேன்.

“ரெண்டு பேரும் இங்க நின்னா அது வெந்துடுமா?” என்றார். “கீழ போங்க. போய் அந்த மெஷின் பக்கத்துலயே நில்லுங்க.”

போய் நின்றார்கள். மூன்று மணி ஆபரேஷன் நடந்தது, அந்த மனிதர் ஒன்பதாம் நாள் கைத்தடியோடு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் கூட்டத்தில் வாத்தி நிரந்தரமாவதை ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். தானே முன்வந்து சொன்னதால்தான் வேலை தப்பியது என்றார்கள். அக்காவின் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். அவர் இப்போது கழுவும் தொட்டியில் நிற்கிறார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஆரம்பித்த அதே இடம். கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டேன். “இருக்கு,” என்றார். “தினமும் காலைல அதைத்தான் முதல்ல சொல்லி ஜெபிக்கிறேன்.”

புது மேற்பார்வையாளர் கறாரானவர். வந்த மூன்றாம் நாளே ஒரு ட்ரேயைத் தூக்கிக்கொண்டு வந்து அறை நடுவில் போட்டார். “இதுல ஒரு இடுக்கி குறையுது. யார் கட்டினது? யாருன்னு கேக்குறேன்!”

அக்கா தொட்டியிலிருந்து திரும்பவில்லை.

“நான்தான் சார்,” என்றாள் ரேடியோ. தன் வாயாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்ததில் அவளுக்கே ஆச்சரியம். “அதான் சொல்லிட்டேன்ல, கத்தாதீங்க. வாங்க, தேடலாம்.”