ஒன்றரை முழக் கட்டை

ஜெயமணி அக்கா இறந்துபோன செய்தி, தேனி பஸ் ஸ்டாண்டில் கம்பம் வண்டிக்காக நான் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. கம்பத்தில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் செல்போனில் பேசினார். "ஆத்தா, உங்க அக்கா போயிட்டாக. பால் பாக்கெட்டு எடுக்காம வாசல்லயே கெடந்துச்சு. கதவத் தட்டிப் பாத்தோம்..." நான் திருநீறு பூசுகிறவள், அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் 'உங்க அக்கா' என்றுதான் அவருக்குச் சொல்ல வந்தது. முதலில் வந்த கம்பம் வண்டியில் ஏறத் தோன்றவில்லை. அடுத்த வண்டியில்தான் ஏறினேன்.

தொலைபேசி நிலையத்தில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய குரல் மறந்திருக்காது. டிரங்க் கால் காலத்தில், "லைன்லயே இருங்க" என்று அக்கா ஒருமுறை சொன்னால் சண்டைக்கு வந்தவர்கூட அடங்கிவிடுவார். ஆனால் அவருடைய சமையல்கட்டு உங்களில் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

அக்காவுக்குப் பிறந்த வீடு போடி. ஏலக்காய் வியாபாரக் குடும்பம். அம்மா இருந்தவரை கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் வீடே உட்கார்ந்து பிஸ்கட் போடும். அம்மா போன பிறகு தம்பி வீட்டில் பேக்கரியில் வாங்க ஆரம்பித்தார்கள். அதோடு அக்காவைக் கூப்பிடுவதும் நின்றுபோயிற்று. கல்யாணம் ஆகாத நாத்தனாரைத் தேடிக்கொண்டு யார் வரப்போகிறார்கள்? அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மதுரைக்குப் போய் வட்டமான அலுமினிய ஓவன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அம்மா போட்ட அதே பிஸ்கட்ட நான் போட்டுக் கொண்டுபோனா, தம்பி உள்ள கூப்புட்டு உக்கார வைக்க மாட்டானா மகேசு?" என்று கேட்டார். அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்தக் கூப்பிடுதல்தான்.

முதல் வருடம் வீட்டில் இருந்த பூரிக்கட்டையால் தேய்த்தார். பூரிக்கட்டை நடுவில் பருத்து ஓரத்தில் சிறுத்திருக்கும். சப்பாத்திக்கு அது சரி. பிஸ்கட் மாவு நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்துவிட்டது. "பாதி கரி, பாதி பச்ச மாவு, எல்லாம் ஒரே தட்டுல. நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கு பாரு" என்றார். அந்த வருடம் அவர் போடிக்குப் போகவில்லை.

மறுவருடம் நேரான கட்டை தேடி அலைந்தோம். தேனிப் பாத்திரக் கடைகளில் எல்லாம் நடுப்பருத்ததுதான். நேராக இருந்த ஒன்றிலும் சிவப்புச் சாயம் விரலில் ஒட்டியது. கடைசியில் கம்பத்தை அடுத்த கூடலூரில், கட்டில் கால் கடைந்து கொடுக்கும் ஒரு கடைசல் பட்டறைக்குப் போனோம். அக்கா அங்கே கிடந்த மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார், நாக்கு நுனியால் தொட்டும் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. தேக்கு வாடை அடிக்கிறது, வேம்பு கசக்கிறது என்று தள்ளினார். பட்டறைக்காரர், "புளிய மரம் போடட்டாக்கா? கறிக்கடைக் கட்டையெல்லாம் அதுதான்" என்றார். "அப்ப பிஸ்கட்டத் தின்னா கறிக்கடை ஞாபகம்ல வரும்" என்று அதையும் மறுத்துவிட்டு, பூவரசைக் காட்டினார். நீளம்? "ஒன்றர முழம்" என்றார். சுவரில் டேப் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பூ வாங்கிப் பழகிய வாய்க்கு முழம்தானே வரும்.

அக்கா ஐந்தடிகூட இல்லை. பட்டறைக்காரரோ நிலைப்படியில் குனிந்து வருகிற ஆள். வாங்கப் போனபோது கட்டை என் இடுப்புக்கு மேல் நின்றது. "நீங்கதானக்கா ஒன்றர முழம்னு சொன்னீக? என் கையால அளந்தேன். பிடி ரெண்டும் அதுக்கு மேல, சும்மா போட்டுக் குடுத்துருக்கேன்" என்றார் பெருமையாக. அக்கா சிரித்த சிரிப்பில் பட்டறையே வேலையை நிறுத்தியது. அறுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். "கெறிஸ்மஸ் முடியட்டும், அறுத்துக்குவோம்" என்றார்.

ஒருவர் கைக்கு அடங்காத அந்தக் கட்டையை, மேசைக்கு அந்தப் பக்கம் அக்காவும் இந்தப் பக்கம் நானுமாகப் பிடித்து உருட்டினோம். ஒருத்தி கூடுதலாக அழுத்தினால் மாவு சாய்ந்துவிடும். அதனால் மாவைவிட ஒருவர் முகத்தை ஒருவர்தான் அதிகம் பார்க்க வேண்டியிருந்தது. "ஏத்தா, அமுக்காத, சும்மா ஓட்டு" என்பார். குமுளி தாண்டி எஸ்டேட் வேலைக்குப் போன என் கணவர் அங்கேயே வேறொரு குடும்பமாகிவிட்டதால், என்னிடமும் அப்படி முகம் பார்த்துப் பேச வீட்டில் ஆள் கிடையாது. பிஸ்கட் எல்லாம் ஒரே கனத்தில், பொன் நிறத்தில் வந்தது.

கிறிஸ்துமஸ் அன்று சர்ச் முடிந்ததும் டின்னை எடுத்துக்கொண்டு போடிக்குப் போனவர், பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து என் வாசலில் நின்றார். டின் நிறைந்தபடியே இருந்தது. "வீடு பூட்டிக் கெடக்குடி. எல்லாரும் கொடைக்கானலுக்குப் போயிட்டாகளாம். பக்கத்து வீட்டுல சொன்னாக" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்கா ஒரு பிஸ்கட்டை எடுத்து என் கையில் வைத்து, "அதெல்லாம் விடு. இது நல்லாருக்கா, சொல்லு" என்றார். அழுதது நான்தான்.

தை பிறந்ததும், கூடலூர் போய்க் கட்டையை அறுத்து வரலாமா என்று கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"வேணாம் மகேசு. அறுத்தா நான் தனியா உருட்டிருவேன்."

அதன் பிறகு அவர் போடிக்கு டின் தூக்கவில்லை. நீங்கள் ஒவ்வொரு வருடமும் ஆபீசில் தின்ற பிஸ்கட் எல்லாம் நாங்கள் இரண்டு பக்கம் நின்று உருட்டியதுதான்.

அடக்கம் போடியில் நடந்தது. அந்த வீட்டு வாசலுக்கு அக்கா அப்படித்தான் போய்ச் சேர்ந்தார். பிறகு சாமான்களை எடுக்க வந்த தம்பி, "இது எதுக்கு இம்புட்டு நீளம்?" என்று கட்டையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் மாவு பிசைந்து, ஒரு பிடியைப் பிடித்து உருட்டிப் பார்த்தேன். நான் அழுத்தினால் மறுமுனை தூக்கிக்கொள்கிறது. நடுவில் பிடித்தால் கை மாவில் புதைகிறது. பார்த்துக்கொண்டிருந்த வாடகை வீட்டுக்காரர், "குடுங்காத்தா, நம்ம ஆசாரிகிட்ட அளவா அறுத்து வாங்கியாரேன்" என்று கை நீட்டினார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அறுத்தால் நான் தனியாக உருட்டிவிடுவேன்.