பத்தாம் இலக்கத்துக்கு ஒரு வாழ்த்துப்பா

ஒரு மனிதரை மைதானத்திலிருந்து வீட்டுக்கு அனுப்புவதற்காக முப்பத்திரண்டு வரிகளில் வாழ்த்துப்பா எழுதி, அதில் 'இனிப் போதும்' என்று பொருள்படும் ஒரு வரியைக்கூட வைக்க மறந்தவன் நான். மறந்தேன் என்பதும் பொய். மூன்று முறை வைத்து, மூன்று முறையும் அடித்துவிட்டேன். எதுகை சரியாக வரவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். எதுகை நன்றாகத்தான் வந்தது. துணிவுதான் வரவில்லை.

அப்போது நான் ஜேர்மனியின் ஹம் நகரத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயரில் இயங்கிய உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர். அந்தப் பள்ளியில் படித்தவர்கள், படித்தவர்களின் மைத்துனர்கள், பள்ளி வாசலைத் தாண்டிச் சைக்கிளில் போனவர்கள் என்று ஆள் சேர்த்து ஓர் அணி வைத்திருந்தோம். அடுத்த வருடம் உலகக் கிண்ணம் இந்த நாட்டுக்கு வருகிறது என்று தொலைக்காட்சி காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது இரண்டாம்பட்சம். எங்களுக்கு யூலை மாதத்தில் தமிழ்க் கழகங்களின் கோடைச் சுற்றுப்போட்டி இருந்தது.

செயலாளர் என்றால் கூட்ட அறிக்கை எழுதுபவர்; மைதானம் கேட்டு நகரசபைக்கு விண்ணப்பம் போடுபவர்; கோல் வலையைத் தன் வீட்டு நிலவறையில் வைத்து மனைவியிடம் ஏச்சு வாங்குபவர். நான் உதைத்தால் பந்து எந்தப் பக்கம் போகும் என்பது எனக்கும் தெரியாது, பந்துக்கும் தெரியாது. ஆனால் வீட்டில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம் இருந்ததால் திட்டம் போடுகிற வேலையெல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தது.

எங்கள் அணிக்கு மூளை ஒன்றுதான். அது பத்தாம் இலக்கச் சட்டை போட்டுக்கொண்டு நடுக்களத்தில் நின்றது. பின்னாலிருந்து வரும் பந்தெல்லாம் அவர் காலுக்குப் போகும்; முன்னால் போகும் பந்தெல்லாம் அவர் காலிலிருந்து புறப்படும். பத்து வருடத்தில் மூன்று கிண்ணங்களை அவர் ஒருவரே வென்றுதந்தார் என்று சொன்னால் மற்றவர்கள் கோபிக்கமாட்டார்கள். இப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. தளபாடக் களஞ்சியம் ஒன்றில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினார். அவர் ஓடுவதை நிறுத்தி நான்கு வருடமாகியிருந்தது. முதலில் நடந்தார். பிறகு நடப்பதையும் குறைத்துக்கொண்டு, நடுவட்டத்தில் நின்றபடி கையைக் காட்டி மற்றவர்களை ஓடவைத்தார். ஆனால் ஒரு போட்டிக்கு ஒரு முறை, நாற்பது மீற்றர் தூரத்துக்கு ஒரு பந்து கொடுப்பார். அது ஆளின் நெஞ்சில் வந்து இறங்கி, காலடியில் உட்கார்ந்துகொள்ளும். அதைப் பார்த்தவர்கள் அடுத்த போட்டிவரை வாய்திறக்கமாட்டார்கள்.

அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் அண்ணை. அவர் என்னைவிட ஐந்து வயது இளையவர். நானும் அவரை அண்ணை என்றேன், அவரும் என்னை அண்ணை என்றார். இப்படி இரண்டு பக்கமும் மூத்தவர்களாக இருக்கும் இடத்தில் ஒருவரை ஒருவர் உட்காரச் சொல்ல வழியே இல்லை.

அவருடைய இடத்துக்கு ஆள் இல்லாமல் இல்லை. இருபத்துமூன்று வயது, இங்கேயே வளர்ந்தவன், இயந்திரத் திருத்தத்தில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து வேலைக்குப் போகிறவன். சின்ன வயதில் ஜேர்மன் கழகம் ஒன்றில் ஒழுங்காகப் பயின்றவன். பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுவான். எங்கள் ஆட்களில் வேறு யாரும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. பந்து வந்த பிறகுதான் யோசிப்பார்கள். மூன்று கோடைகளாக அவனை மாற்று வீரர்கள் இருக்கும் வாங்கில் உட்காரவைத்திருந்தோம். போட்டி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது வலது ஓரத்துக்கு அனுப்புவோம். அங்கே பந்து வராது. பந்தைக் கொடுக்கவேண்டியவர் நடுவட்டத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

அந்த மார்ச் மாதம் அவன் எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

"அண்ணை, பக்கத்து ஊர் ஜேர்மன் கழகத்தில கேக்கினம். யூலை கடைசிக்குள்ள கையெழுத்து வைக்கச் சொல்லுகினம். அங்க சேர்ந்தா ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அவையின்ரதான். இஞ்ச விளையாட ஏலாது."

"நீ என்ன நினைக்கிறாய்?"

"நான் இஞ்சதான் விளையாட விரும்புறன். அப்பா அந்தப் பள்ளிக்கூடம். ஆனா நடுவில விளையாடவேணும். ஒருக்காவாவது. இந்தக் கோடை நடுவில விடுவியளோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ."

"விடுவம். நான் பொறுப்பு," என்றேன். பொறுப்பு என்ற சொல்லை அவ்வளவு இலகுவாகச் சொன்ன நாள் என் வாழ்க்கையில் வேறு இல்லை. திருமண நாளில்கூடக் கொஞ்சம் தயங்கினேன்.

தலைவரின் தோட்டத்துக் கொட்டிலில் அவசரக் கூட்டம் போட்டோம். தலைவரும் நானும் மட்டும்.

"ஆர் சொல்லுறது?" என்றார் தலைவர்.

"நீங்கள்தான் தலைவர்."

"நீங்கள்தான் அவரின்ர காரில பயிற்சிக்குப் போறனீங்கள்."

அது உண்மைதான். அடுத்த புதன்கிழமை அவருடைய காரில் போகும்போது துணிந்து ஆரம்பித்தேன்.

"அண்ணை, முழங்கால் இப்ப எப்பிடி?"

"பரவாயில்லை அண்ணை. உங்கட எப்பிடி?"

அதன் பிறகு மைதானம் வரும்வரை என் முழங்காலைப் பற்றியே கதைத்தோம். தனக்குத் தெரிந்த ஒரு வைத்தியரிடம் எனக்கு டெர்மின், அதாவது சந்திக்க நேரம், எடுத்துத் தருவதாகச் சொன்னார். சொன்னபடி எடுத்தும் தந்தார். நானும் போனேன்.

நேரடி வழி சரிவராது என்று கண்டு, ஐந்து பக்கத்தில் ஒரு வாரிசுத் திட்டம் எழுதினேன். அரசர்கள் எப்படி முடியை இறக்கிவைத்தார்கள் என்று நாலைந்து சரித்திரப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து எழுதியது. பெரும்பாலானவர்கள் உயிரோடு இறக்கிவைக்கவில்லை என்று தெரிந்தது. அந்தப் பகுதியை விட்டுவிட்டேன். திட்டத்தின்படி முதலில் அவரைப் பயிற்சியாளராக்கினோம். பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே நிற்பவர், ஆகவே இடம் தானாகவே காலியாகும் என்பது கணக்கு. அவர் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். விசில் வாங்கினார். பயிற்சியாளராக முதல் நாள் அவர் அறிவித்த அணியில் முதலாவது பெயர் அவருடையது.

"நீங்கள் வெளியில நிண்டு பாத்தா ஆட்டம் நல்லா விளங்கும் அண்ணை," என்று சொல்லிப் பார்த்தேன்.

"உள்ளுக்க நிண்டா இன்னும் கிட்டத்தில விளங்கும்," என்றார்.

அந்த நேரத்தில்தான் எனக்குப் பொன்னாடை யோசனை வந்தது. எங்கள் ஊரில் அதிபர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினால் அடுத்த திங்கட்கிழமை அவர் பள்ளிக்கூடம் வரமாட்டார். தபாலதிபருக்கு மாலை போட்டால் மறுநாள் வேறொருவர் முத்திரை குத்துவார். 'ஓய்வு' என்ற சொல்லை யாரும் சொல்லவேண்டியதில்லை, மாலையே சொல்லிவிடும். ஆகவே ஒரு பாராட்டு விழா, சால்வை, சட்டம் போட்ட வாழ்த்து மடல், சிற்றுண்டி. அவர் கண் கலங்குவார், நாங்கள் கை கொடுப்போம், விஷயம் முடிந்துவிடும்.

தலைவர் உடனே ஒப்புக்கொண்டார். யாரும் யாரிடமும் எதையும் சொல்லத் தேவையில்லாத திட்டம் என்றால் அவருக்கு எப்போதும் பிடிக்கும்.

நான் கவனிக்காமல் விட்ட ஒரு சின்ன விஷயம்: ஊரில் அதிபரை வீட்டுக்கு அனுப்புவது அரசாங்கத்தின் வயதெல்லை. சால்வை அதற்குப் பிறகு, ஆறுதலுக்கு வருவது. நாங்கள் வயதெல்லையை விட்டுவிட்டுச் சால்வையை மட்டும் வாங்கியிருந்தோம்.

விழா மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், தேவாலயத்துக்குச் சொந்தமான மண்டபத்தில் நடந்தது. பெண்கள் குத்துவிளக்கு ஏற்றினார்கள். மண்டபக் காப்பாளர் தீயணைப்புக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்திலேயே நின்றார். பேசியவர்கள் ஏழு பேர். ஒவ்வொருவரும் அடுத்தவரை மிஞ்சிப் புகழ்ந்தார்கள். கடைசியாக நான் வாழ்த்துப்பாவை வாசித்தேன். 'நீயில்லா நடுக்களம் நிலவில்லா வானமன்றோ' என்று நான் நிறுத்தியபோது எழுந்த கைதட்டலில் எனக்கே உடம்பு சிலிர்த்தது. எழுதும்போது அந்த வரியை விடைபெறும் சோகத்தோடுதான் எழுதினேன். வாசிக்கும்போது அது தேர்தல் பிரசாரம்போலக் கேட்டது.

ஏற்புரைக்கு அவர் எழுந்தார். சால்வையைச் சரிசெய்தார்.

"உண்மையைச் சொல்லப்போனா, நான் இந்த வருசத்தோட விடுவம் எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருந்தனான்," என்றார்.

தலைவர் என் தொடையைக் கிள்ளினார்.

"ஆனா நீங்கள் இவ்வளவு நம்பிக்கை வைச்சிருக்கிறியள். செயலாளர் அண்ணை எழுதினதைக் கேட்டாப் பிறகு நான் எப்பிடி விட்டிட்டுப் போறது? இந்தக் கோடையும் விளையாடுறன். கால் ஏலுமட்டும் விளையாடுவன்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். மேடையில் இருக்கிறவன் தட்டாமல் இருக்கமுடியாது. மண்டபத்தின் கடைசியில் அந்த இருபத்துமூன்று வயதுக்காரன் கையில் ஒரு மீன் ரோல்ஸோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கைதட்டாத ஒரே ஆள் அவன்தான். ரோல்ஸ் இல்லாவிட்டாலும் தட்டியிருக்கமாட்டான்.

வெளியே வாகனத் தரிப்பிடத்தில் என்னைப் பிடித்தான்.

"அண்ணை, இப்ப நான் என்ன செய்யிறது?"

"பொறு. சுற்றுப்போட்டியில நாலு ஆட்டம். அவராலை ரெண்டுக்கு மேல ஏலாது. மூண்டாவதில நீ நடுவில நிப்பாய்."

"எழுதித் தருவியளோ?"

"இதுவரை நான் எழுதினதே காணும்," என்றேன்.

சுற்றுப்போட்டியன்று வெயில், திறந்தவெளியில் கிடந்த எங்கள் வாங்கில் இருந்தவர்களின் மண்டையைப் பிளந்தது. ஒலிபெருக்கியில் ஒருவர் இடைவிடாமல் நேர்முக வர்ணனை செய்தார். முதல் ஆட்டம் வென்றோம், இரண்டாவதில் சமன். மூன்றாவது, அரையிறுதி. அண்ணை நடுவட்டத்தில் இடுப்பில் கையை ஊன்றி நின்றார். இடைவேளையில் காலுக்குப் பனிக்கட்டி கட்டினார்கள்.

"அண்ணை, கொஞ்சம் வெளியில வந்து இருங்கோவன்," என்று சொன்னேன். என் வாழ்நாளிலேயே அவரிடம் நான் சொன்ன மிகத் துணிவான வசனம் அது.

"ஓம் ஓம். ஒரு பத்து நிமிசம் பாத்திட்டு வந்து இருக்கிறன்."

அந்த இருபத்துமூன்று வயதுப் பெடியனை உடம்பைச் சூடேற்றச் சொன்னேன். அவன் கோட்டோரமாக மேலும் கீழும் ஓடினான். பத்து நிமிடம் போனது, இருபதானது. மைதானத்துக்குள் நின்றவரைவிட வெளியே நின்றவன் நாலு மடங்கு ஓடியிருப்பான். நான் மாற்று இலக்க அட்டையைத் தூக்கினேன். நடுவர் பார்த்தார். அண்ணையும் பார்த்தார், இரண்டு விரலைக் காட்டினார், இரண்டு நிமிடம் என்று. நடுவர் தமிழர். அவரும் அண்ணை என்றுதான் கூப்பிடுகிறவர். அட்டையைக் கீழே வைக்கும்படி எனக்குச் சைகை காட்டினார்.

அந்த இரண்டு நிமிடத்துக்குள் அண்ணை அந்தப் பந்தைக் கொடுத்தார். நாற்பது மீற்றர். இடது ஓரத்தில் ஓடியவனின் நெஞ்சில் இறங்கி, காலடியில் உட்கார்ந்து, வலைக்குள் போனது. வர்ணனையாளர் ஒலிபெருக்கியில் என் வாழ்த்துப்பாவின் நிலவையும் வானத்தையும் மனப்பாடமாகச் சொன்னார். மக்கள் மைதானத்துக்குள் ஓடினார்கள். பெடியன் ஓடுவதை நிறுத்தி, குனிந்து முழங்காலில் கையை ஊன்றி நின்றான். அழகான பந்து என்று எனக்கும் பட்டது. அதுதான் இன்றுவரை எனக்கு எரிச்சல்.

இறுதியாட்டத்தில் நாலுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். நாலாவது கோல் விழுந்தபோது முடிய மூன்று நிமிடம் இருந்தது. அண்ணை தானாகவே கோட்டுக்கு வந்து, வாங்கைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"வா தம்பி. இனி நடு உன்ரதான்."

மனதாரத்தான் சொன்னார். குரலில் ஒரு கள்ளமும் இல்லை.

"ஏலாது அண்ணை," என்றான் பெடியன். "சப்பாத்தைக் கழட்டிட்டன்."

சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்போடு நடந்து, தகப்பனின் காரில் ஏறிப் போனான். அந்தக் கிழமையே ஜேர்மன் கழகத்தில் கையெழுத்து வைத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அடுத்த கமிட்டிக் கூட்ட அறிக்கையில் 'நடுக்கள வாரிசு: பரிசீலனையில்' என்று எழுதினேன். தலைவர் அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்.

ஒக்ரோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனச்சாட்சி உறுத்த, பிராந்திய ரயில் ஏறி அந்தப் பக்கத்து ஊருக்குப் போனேன். அவன் நடுக்களத்தில் நிற்பதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட்டால் எனக்கு நித்திரை வரும் என்று ஓர் எண்ணம். ஆட்டம் தொடங்கி அரை மணித்தியாலமாகியிருந்தது. மைதானம் முழுக்கத் தேடினேன், காணவில்லை. கழகத்தின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு மாற்று வீரர்களின் வாங்கில் ஓரமாக உட்கார்ந்திருந்தான். நடுவில் முப்பத்தெட்டு வயதிருக்கும் மொட்டைத்தலை ஜேர்மன்காரர் ஒருவர் நின்று, கையைக் காட்டி மற்றவர்களை ஓடவைத்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் அவனிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வேறு வந்தது.

"என்னடா, இஞ்சயும் வாங்கிலயே இருக்கிறாய். இதுக்கோ எங்களை விட்டிட்டு வந்தனீ?"

அவன் தலைக்கு மேலே கையைக் காட்டினான்.

"இஞ்ச வாங்குக்குக் கூரை இருக்கண்ணை," என்றான்.